மஞ்சள் என்றால் லைன்

ஏப்ரல் 24

இது மூன்று வருடத்துக்கு முந்தைய டைரி. ஆபீசில் கொடுத்தது. அப்போது எழுத நேரமில்லை. இப்போது நேரம் இருக்கிறது, கிழமைதான் பொருந்தவில்லை. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு எல்லாமே ஞாயிறுதான்.

செங்கமலம் தன் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். தம்பி மனைவி சுகுணாவுக்கு முழங்கால் வலி, கூடமாட ஒத்தாசைக்கு என்று சொன்னாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. தனியாக இருப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இன்று சாதம் வைத்தேன். கஞ்சி என்று நினைத்துக்கொண்டால் நன்றாகவே வந்திருந்தது.

ஏப்ரல் 26

பெல்லை அடித்துப் பார்த்தேன். நன்றாக அடிக்கிறது.

ஏப்ரல் 27

நேற்று எழுதியதை யாராவது படித்தால் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். விவரம் இதுதான். மின்துறையில் இளநிலைப் பொறியாளனாக இருந்து ஜனவரியில் ஓய்வு பெற்றேன். சும்மா உட்காரும் ஆள் இல்லை என்பதால் மறுவாரமே வீட்டில் ஒரு பெல் போட்டேன். சுவிட்ச் என் ஈசிசேரின் கைப்பக்கம், பெல் சமையலறையில். ஆபீசில் என் மேஜையில் இருந்த அதே மாடல், அதே சத்தம். ஒன்று அடித்தால் காபி, இரண்டு அடித்தால் தண்ணீர், மூன்று அடித்தால் நேரில் வந்து என்னவென்று கேட்க வேண்டும். கத்திக் கூப்பிடுவது கௌரவமான குடும்பத்துக்கு அழகில்லை. ஊரில் எத்தனை பெண்களுக்கு இந்த வசதி இருக்கிறது?

செங்கமலம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடித்தால் வருவாள். போன வாரம் ஒருநாள் மூன்று அடித்தேன், வரவில்லை. லைனில் கோளாறு என்று ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்திலிருந்து சமையலறை வரை ஒயரைத் தடவிப் பார்த்தேன். லைன் சரியாகத்தான் இருந்தது. அவள் உள்ளறையில் பைக்குள் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 30

மைத்துனன் தேவநாதன் வந்தான். கடற்கரைப் பக்கம் நான்கு அறை வைத்து வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுதி நடத்துகிறான். அங்கே வெகுகாலம் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் பாய்மரப் படகை இவனுக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது முப்பது முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கட்டியது. இப்போது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கிடந்து வெயில் காய்கிறது. ஓசியில் வந்த யானைக்கு இவன் தீனி போட்டுக்கொண்டிருக்கிறான்.

"மாமா, படகுல கரண்ட்டு சுத்தமா நின்னு போச்சு. பேனல் மொத்தமும் களிம்பு புடிச்சிக் கெடக்குது. வெளியாள வுட்டா இன்னும் கெடுத்துடுவான். நீங்கதான் வந்து பாக்கணும்."

"எனக்கு ஏது தேவா நேரம்," என்றேன், ஈசிசேரில் படுத்தபடி.

அவன் சிங்க் இருந்த பக்கம் பார்த்தான். பாத்திரங்களை ஊறப் போட்டிருந்தேன். ஊறினால்தான் சுத்தமாகும்.

"அக்கா என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"எத பத்தி?"

"பேனல பத்தி."

"பேனல பத்தி அக்கா என்னா மாமா சொல்லும்?"

ஒத்துக்கொண்டேன். முப்பது வருட அனுபவத்தைப் பெட்டியில் பூட்டி வைத்து என்ன பயன்? அவள் அந்த வீட்டில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மே 4

இன்று கத்திரி வெயில் ஆரம்பம். படகுக்குள் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்கு. மடங்கினேன் என்பதே சரி. உள்ளே நிமிர்ந்து நின்றால் மண்டை இடிக்கும். குனிந்து நின்றால் வேறு எதுவோ இடிக்கும். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் சுற்றிலும் விசைப்படகுகள் கரையேறி வர்ணம் பூசிக்கொண்டிருக்கின்றன. ஆபீசில் கலியபெருமாள் சாராக இருந்த நான் சட்டியில் வறுபடுவதைப் பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

பேனல் என்பது ஒரு பலகை. முன்னால் வரிசையாகச் சுவிட்ச். பின்னால் திறந்தால் எலி கூடு கட்டிய மாதிரி ஒயர். என் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. இன்னொரு முனையிலும் எரியவில்லை.

"எங்கியும் கரண்ட் இல்ல. பேட்டரி செத்துப் போச்சு," என்று தீர்ப்புச் சொன்னேன்.

தேவநாதன் கையை நீட்டி ஒரு சுவிட்சை ஆட்டினான். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

"இது மட்டும் ஆட்டி ஆட்டிப் போட்டா எரியும் மாமா. பன்னண்டு வோல்ட்டுக்கு அந்த டெஸ்டரு எரியுமா?"

படகில் பன்னிரண்டு வோல்ட் என்பது எனக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டு வோல்ட்டையெல்லாம் நாங்கள் மின்சாரக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மே 6

மதியச் சாப்பாடு தேவநாதன் வீட்டிலிருந்து கேரியரில் வந்தது. சுகுணா அனுப்பினாளாம். சுகுணா சமையல் எனக்குத் தெரியும். அவள் குழம்பில் உப்பு ஒன்று இருக்காது, இல்லை உப்பு மட்டும்தான் இருக்கும். இன்று வத்தக்குழம்பில் எல்லாம் அளவாக இருந்தது. மேல் அடுக்கில் எனக்குப் பிடித்த மணத்தக்காளி தனியாக. கேரியரைக் கழுவித்தான் திருப்பி அனுப்பினேன். நான் கழுவினேன் என்று சொல்லச் சொல்லி தேவநாதனிடம் சொன்னேன். சுகுணாவிடம்தான்.

மே 9

இன்று பழைய பேனலின் சூட்சுமம் பிடிபட்டது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஜோடி ஒயர் போகிறது. பம்புக்குப் பழுப்பும் மஞ்சளும். விளக்குக்கு நீலமும் மஞ்சளும். ஃபேனுக்கு ஆரஞ்சும் மஞ்சளும். எந்த ஜோடியைத் தூக்கினாலும் கூடவே ஒரு மஞ்சள் வருகிறது.

சிவப்பு, மஞ்சள், நீலம், இந்த மூன்றும் லைன். அதாவது கரண்ட் வரும் ஒயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. முப்பது வருடம் என் உயிரைக் காப்பாற்றியதும் அதுதான். மஞ்சளை அலட்சியமாகத் தொட்டவர்களை மாலையோடு பார்த்திருக்கிறேன். இந்த அமெரிக்க மேதாவி படகு மொத்தத்தையும் ஒரே மஞ்சளில் தொங்கவிட்டிருக்கிறான். லோடைப் பிரித்துப் போட வேண்டும் என்ற அடிப்படை அறிவு இல்லை. இவர்கள் நிலாவுக்குப் போனதாகச் சொல்கிறார்கள்.

தேவநாதன் தலையைச் சொறிந்தான். "எல்லாத்துலயும் மஞ்சள் பொதுவா வருதுன்னா, அது திரும்பிப் போற ஒயரா இருக்குமோ மாமா?"

"நீ விடுதில பெட்ஷீட் மாத்து," என்றேன்.

மே 10

கேரியரில் அப்பளம் இல்லை.

மே 11

அப்பளம் இல்லை. தேவநாதனிடம் கேட்டேன்: "வீட்ல எண்ணெ தீந்து போச்சா?" "இல்லியே மாமா. நாங்கள்லாம் அப்பளத்தோடதான் சாப்ட்டோம்," என்றான். அப்படியென்றால் இதில் ஒரு செய்தி இருக்கிறது. என்ன செய்தி என்று யோசித்தேன். நேற்று முன்தினம் தேவநாதனை பெட்ஷீட் மாற்றச் சொன்னது அந்த வீட்டுக் காதுக்குப் போயிருக்கிறது.

மே 14

பழைய ஒயரை எல்லாம் பேனலிலிருந்து வெட்டினேன். களிம்பு படிந்து கையெல்லாம் பச்சை. புதிய பலகை, புதிய ஃப்யூஸ், புதிய முனைகள். இடுக்குக்குள் கையை விட்டால் முழங்கை வரை சிராய்ப்பு. மல்லாந்து படுத்து, வாயில் திருப்புளியைக் கவ்விக்கொண்டு வேலை. எனக்கு இது பிடித்திருக்கிறது என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். ஆபீசில் கடைசிப் பத்து வருடம் கையெழுத்து மட்டுமே போட்டேன்.

பழைய சுவிட்ச்கள் மேலே தள்ளினால் எரியும்படி இருந்தன. நம் ஊரில் கீழே தள்ளினால்தான் எரியும். ஆகவே புதியதைத் தலைகீழாக மாட்டினேன். எழுத்துகள் கவிழ்ந்துவிட்டன. அவற்றின் மேல் காகிதம் ஒட்டித் தமிழில் எழுதிவிட்டேன். பம்பு. விளக்கு. ஃபேன். ஒரு சுவிட்ச் மிச்சம் இருக்கிறது. எதற்கென்று தெரியவில்லை.

மதியம் அப்பளம் வந்தது. தேவநாதனிடம் காலையில், "நீ கேட்டது நல்ல கேள்விதான்," என்று சொல்லி வைத்திருந்தேன். கேள்வி நல்லது. பதில் மஞ்சள் என்றால் லைன்.

மே 20

இணைப்பு முடிந்தது. எல்லாச் சுவிட்சும் மஞ்சள் ஒயரில். மிச்ச நிறம் எல்லாம் ரிட்டர்ன். டெஸ்டரை நம்பாமல் பழைய முறைப்படி, ஒரு பன்னிரண்டு வோல்ட் குண்டு பல்பில் இரண்டு ஒயரைக் கட்டி, ஒவ்வொரு முனையாக வைத்துப் பார்த்தேன். எல்லா முனையிலும் பளிச்சென்று எரிந்தது. பல்பு பொய் சொல்லாது.

ஃபேன் ஓடுகிறது. காற்று மட்டும் முகத்துக்கு வராமல் சுவர்ப் பக்கம் போகிறது. புழுக்கத்தை வெளியே இழுக்கும் வகை என்று தேவநாதனுக்கு விளக்கினேன். பம்பு போட்டதும் கும்மென்று சத்தம். படகின் வயிற்றில் இன்று தண்ணீர் இல்லாததால் இறைத்துப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே மோட்டாரின் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன்.

அவன் புதிதாக வாங்கி வந்த எல்.இ.டி. விளக்கு மட்டும் எரியவில்லை. டூப்ளிகேட் என்று சொல்லிக் கடைக்குத் திருப்பி அனுப்பினேன். கடைக்காரன் அதை எரியவைத்துக் காட்டி அனுப்பினானாம். கடையில் எல்லாமே எரியும்.

மே 23

வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்துவிட்டான். அடுத்த ஞாயிறு காலை. சுகுணாவுக்கு அலை என்றாலே குமட்டுமாம். "அக்கா வரேன்னு சொல்லுச்சு மாமா," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

பாதுகாப்பு முக்கியம். எல்லா முனைகளையும் மறுபடி இறுக்கினேன். பேனலைத் துடைத்தேன். இரண்டாவது முறையும் துடைத்தேன்.

மே 25

நேரு வீதியில் ஒரு சட்டை வாங்கினேன். பழையதெல்லாம் களிம்பு. வேறு காரணமில்லை.

மே 31

நாளை வெள்ளோட்டம். தேவநாதன் ஒரு யோசனை சொன்னான்: "மாமா, அக்காவ வூட்டுக்கு வான்னு ஒரு வார்த்த நீங்களே கேட்டுட்டா என்னா?" போனவள் தானாகத்தானே போனாள், வரத் தெரியாதா என்றேன். எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பான். கேட்கத் தெரியாமல் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. பெல் அடித்தே பழகிவிட்டது.

ஜூன் 1

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததும் புறப்பட்டோம். தேவநாதன் சுக்கான் பிடித்தான். பிரெஞ்சுக்காரர் இவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முகத்துவாரம் தாண்டும்வரை எஞ்சின், பிறகு பாய். செங்கமலம் வெயிலுக்குப் பயந்து கீழே அறையில் உட்கார்ந்தாள். நான் பேனல் பக்கத்தில் கோயில் தர்மகர்த்தா மாதிரி நின்றேன். இளைத்திருந்தாள். இல்லை, நான்தான் இளைத்திருக்கிறேன், அவள் அப்படியே இருந்தாள்.

"தேவா, உங்க மாமாவ உக்காரச் சொல்லு. தல இடிக்கப் போவுது," என்று மேலே பார்த்துச் சொன்னாள்.

"தேவா, பேனல ஒருத்தர் பாத்துக்கணும்னு உங்க அக்காகிட்ட சொல்லு," என்றேன்.

தேவநாதன் பாய்க்கயிற்றை இழுத்துக் கட்டினான். பாய் காற்றைப் பிடித்தது. எஞ்சினை நிறுத்தியதும் கேட்ட அமைதியைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் உரசும் சத்தமும் அவள் வளையல் சத்தமும்தான் இருந்தன. புதுச்சட்டையை அவள் பார்த்தாள். விலைச்சீட்டை எடுக்க மறந்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அரைமணி போயிருக்கும். கால் நனைகிற மாதிரி இருந்தது. என் வியர்வை என்று நினைத்தேன்.

"என்னாங்க, காலாண்ட தண்ணி," என்றாள். ஐந்து வாரத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

பழைய படகு. எஞ்சின் ஓடினால் அதன் தண்டு போகும் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கசியும், பம்பு இறைத்துவிடும் என்று தேவநாதன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். இன்று அது கொஞ்சமாக இல்லை. தரைப்பலகைகள் மிதக்க ஆரம்பித்தன. பம்பு என்று எழுதிய சுவிட்சைக் கீழே தள்ளினேன். கும்மென்று சத்தம்.

"பம்பு ஓடுது," என்றேன்.

"சத்தம் ஓடுது. தண்ணி அங்கியே நிக்கிது."

"மோட்டார் நல்ல கண்டிஷன்ல இருக்குது. சத்தத்த வெச்சே சொல்லலாம்."

"ஆமா. நம்ம வூட்டு பெல்லும் நல்ல கண்டிஷன்லதான் இருக்குது," என்றாள்.

மேலிருந்து தேவநாதன் கத்தினான்: "மாமா, வெளிய தண்ணி வரலியே." படகைத் திருப்பப் பார்த்தான். காற்று எதிர்த்தது. எஞ்சினைப் போட்டால் கசிவு இன்னும் கூடும். கரை இருக்கிற இடத்தில்தான் இருந்தது, ஆனால் நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது பக்கம். எனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கும் தெரியாது. பயந்தேன். எனக்காக என்று எழுத நினைத்தேன், அது பொய். அவளைக் கூட்டி வந்து இப்படிப் பண்ணிவிட்டேனே என்றுதான் இருந்தது. ஃப்யூஸ் மூடியைக் கழற்றினேன், அது தண்ணீரில் விழுந்தது.

அவள் புளிசாதத் தூக்கை எடுத்தாள். சாதத்தை மூடியில் கொட்டினாள், அந்த அவசரத்திலும் சிந்தாமல். தூக்கில் தண்ணீரை மொண்டு மேலே ஊற்ற ஆரம்பித்தாள். நாலு தூக்கு ஊற்றிவிட்டு மூச்சு வாங்க ஃபேனுக்கு முன்னால் நின்றாள். முந்தானையை எடுத்து ஃபேன் முன் பிடித்தாள். அது ஃபேன் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

"இது தலகீழா சுத்துது."

"அது எக்சாஸ்ட்."

"றெக்க வளஞ்சிருக்கிறதப் பாருங்க. எக்சாஸ்ட்டாம்." சொல்லிக்கொண்டே இன்னொரு தூக்கு மொண்டாள். "பாகூர்ல எங்கப்பா நெலத்து மோட்டாரு இப்டித்தான், லைன் மாத்திக் குடுத்துட்டதால தண்ணி எடுக்காம உறுமிக்கினே கெடந்துச்சி. நீங்கதான வந்தீங்க. ரெண்டு ஒயர மாத்திப் போட்டுட்டுத்தான எங்கப்பாகிட்ட மோர் வாங்கிக் குடிச்சீங்க. அப்ப தெரிஞ்சது இப்ப மறந்து போச்சா?"

அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. எல்லா ஜோடியிலும் மஞ்சள். எல்லாவற்றிலும் பொதுவாக வருவது வரும் ஒயராக இருக்காது, திரும்பும் ஒயர்தான். குண்டு பல்புக்கு எந்தப் பக்கம் கரண்ட் வந்தால் என்ன, அது எரியும். மோட்டார் எரியாது, சுற்றும், எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. என் பல்பு பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது.

பம்பின் ஒயர் இரண்டையும் பல்லாலேயே உரித்து மாற்றி முறுக்கினேன். சுவிட்சைத் தள்ளினேன். சத்தம் முன்பைவிடக் குறைவாகத்தான் இருந்தது. மேலே தேவநாதன், "வருது மாமா, பீச்சி அடிக்குது," என்றான்.

தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிய பிறகு செங்கமலம் உட்கார்ந்தாள். மூடியில் இருந்த புளிசாதத்தை மூன்று பங்காக்கினாள். என் பங்கைக் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு ஒயர மாத்திப் போட்டா அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அப்ப வூட்லயும் மாத்திப் போடுங்க. சுச்சு அடுப்பாண்ட. பெல்லு உங்க சேராண்ட. ஆனதும் தேவாகிட்ட சொல்லி அனுப்புங்க, வரேன்."

"அது அப்டி இல்ல. சுவத்துக்குள்ள போற ஒயரு. ஒடைக்கணும், பூசணும்."

"அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவா ஒடைங்க. சுகுணாவுக்கு முட்டி வலி இன்னும் இருக்குது," என்றாள்.

ஜூன் 2

பெண்டாட்டி சொன்னாள் என்பதற்காக வீட்டு ஒயரிங்கை மாற்றுகிறவன் நான் இல்லை.

ஜூன் 3

மாற்றிவிட்டேன். காரணம் முழுக்கத் தொழில்நுட்பம். நெருப்பு, கேஸ் எல்லாம் சமையலறையில் இருக்கின்றன. ஆபத்து எங்கே வருமோ அங்கேதான் சுவிட்ச் இருக்க வேண்டும், ஆள் எங்கே இருக்கிறானோ அங்கே பெல். இத்தனை நாள் தலைகீழாக இருந்திருக்கிறது. சுவரை உடைத்த இடத்தில் பூச்சு இன்னும் காயவில்லை. தேவநாதனுக்கு போன் செய்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லிடறேன் மாமா," என்றான்.

ஜூன் 4

வந்துவிட்டாள். சுகுணாவின் முழங்கால் ஒரே இரவில் குணமாகிவிட்டது. ஆட்டோ வரை நடந்து வந்து வழியனுப்பினாளாம்.

செங்கமலம் புதுச் சுவிட்சைப் பார்த்தாள். பூச்சைத் தடவினாள். "கோணலா இருக்குது," என்றாள். ஆனால் அழுத்தவில்லை. சமையல் முடிந்தது, அழுத்தவில்லை. மாலையில் காபி போட்டாள், தன் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நான் ஈசிசேரில் பெல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். லைனில் கோளாறோ என்று சந்தேகம். எழுந்து போய்ப் பார்க்கவும் முடியவில்லை. நான் பார்க்கப் போன நேரத்தில் அடித்துவிட்டால்?

ஜூன் 5

அடிக்கவில்லை. என் காபியை நானே போட்டுக்கொண்டேன். அவளுக்கும் ஒன்று போட்டேன். குடித்தாள். முழுவதும் குடித்தாள்.

ஜூன் 6

கேட்டே விட்டேன். "ஒண்ணு அடிச்சா என்னா, ரெண்டு அடிச்சா என்னான்னு சொல்லிட்டியானா நல்லது. குழப்பம் வராது."

"எத்தன அடிச்சாலும் வாங்க. வந்தப்பறம் சொல்றேன்."

ஜூன் 8

தேவநாதன் படகில் எல்லா ஜோடிகளையும் மாற்றிப் போட்டுவிட்டேன். ஃபேன் முகத்தில் அடிக்கிறது. டூப்ளிகேட் விளக்கும் எரிகிறது. கடைக்காரனிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்ச்களை நேராக மாட்டவில்லை. கீழே தள்ளினால்தான் எரியும். எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க முடியாது.

மிச்சமிருந்த அந்தச் சுவிட்சுக்கு இப்போது ஒரு ரேடியோ வாங்கியிருக்கிறான். "மஞ்சள எதுல போடணும் மாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். உதடு மட்டும் துடித்தது. அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் மஞ்சளைப் பற்றிய என் கருத்து அடிப்படையில் தவறு என்று சொல்ல முடியாது, சிவப்பு மஞ்சள் நீலம் மூன்றுமே

பெல். போகிறேன்.